கருப்பன் வாசலில் கோச்சைப் பிரிந்தேன்

அழகர் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் சுதா. டென்னிஸ்தான் என் தொழில். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். சண்டை வந்தால் மட்டும் தெருவுக்கே கேட்கட்டும் என்று தமிழுக்கு மாறிவிடுவோம். போன ஐப்பசியில் அழகர்மலையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் முழுக்கத் தோல்விதான். போகிற ஊரிலெல்லாம் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டினேன். என் இரண்டாவது செர்வுக்கு வலை மேல் என்ன பாசமோ, நேராக அதில் போய் விழும். அப்போது கோயம்புத்தூரில் ஒரு பயிற்சியாளர் அம்மா என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வந்து தங்கிப் பயிற்சி எடுக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் பதில் வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும் என்றார்.

போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கோச் முத்துராமன் சாரிடம் எப்படிச் சொல்வது? ராக்கெட்டைப் பிடிக்கத் தெரியாத வயதில் பசுமலையில் அவரிடம் சேர்ந்தவள் நான். எனக்கு அம்மை போட்டபோது அவர் மனைவி வேப்பிலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் “உங்களை விட்டுப் போகிறேன்” என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஒவ்வொரு காலையும் இன்று சொல்லியே தீருவது என்று கிளம்புவேன். “வா தாயி, டீ குடிச்சியா?” என்பார். அத்தோடு என் வீரம் தீர்ந்துவிடும். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுவேன். வியர்வையைத் துடைக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கடைசியில், கருப்பனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று அம்மா சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. சாரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

முதலில் அழகரைச் சேவித்தேன். “பெருமாளே, எனக்கு ஜெயம் கூட வேண்டாம். சார் மனசு நோகாமல் இதைச் சொல்ல வழி காட்டு” என்று கெஞ்சினேன். கண்ணீர் நிற்கவில்லை. பிறகு பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலுக்கு வந்தோம். உங்களுக்கே தெரியும், அங்கே மூடிய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று யாரும் பொய் சொல்வதில்லை. எவ்வளவு பெரிய வழக்கும் அங்கே ஒரு சத்தியத்தில் தீர்ந்துவிடும்.

அங்கே, கதவைப் பார்த்தபடி சார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலும் இரண்டு பொட்டலங்கள்!

“ஏத்தா, வயித்துவலின்ன?” என்றார்.

“நீங்க கல்யாணத்துக்குப் போறேன்னீங்களே சார்?”

இருவரும் திருதிருவென்று விழித்தோம். சும்மா சாமி கும்பிட வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே சந்தனம் பூசிய கதவு. நாக்கு புரளவே இல்லை.

“சார், நான் கோயம்புத்தூர் போகலாமான்னு கேக்க வந்தேன். அங்க ஒரு கோச் கூப்புடுறாங்க. உங்கள விட்டுட்டுப் போகணும்.” சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பூசாரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு சிரிப்பு.

“நான் எதுக்கு வந்தேன்னு கேளு. ஒன்னய வேற நல்ல கோச்சுக்கிட்ட அனுப்பலாமான்னு கேக்க வந்தேன். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டையும் குடுத்துட்டேன் தாயி. அந்த செர்வ எப்புடிச் சரி பண்ணுறதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல. கைகழுவுறேன்னு நெனச்சு நீ ஒடஞ்சு போயிருவன்னுதான் சொல்லல.”

நான் விக்கி விக்கி அழுதேன், சிரித்துக்கொண்டே. அம்மாவுக்கு மட்டும் கவலை: “அப்ப பொட்டலத்தப் பிரிக்கணுமா, வேணாமா?”

“பேசாம இருங்கக்கா. செவப்பு வந்து தொலைஞ்சா என்ன பண்றது?” என்றார் சார். நான்கு பொட்டலங்களையும் பிரிக்காமலே கருப்பனுக்குச் சமர்ப்பித்தோம்.

பிரசாதக் கடையில் அழகர் தோசை வாங்கி மூவரும் பிய்த்துத் தின்றோம். எண்ணெய்க் கையோடு சாரே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். “புள்ள நல்லா ஓடும் மேடம். வெறும் வயித்தோட மட்டும் எறக்கி விட்றாதீங்க, ராக்கெட்ட ஒடச்சுப்புடும்” என்று என் மானத்தை வாங்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது என் இரண்டாவது செர்வ் வலையைத் தாண்டுகிறது. போன மாதம் முதன்முதலாக அரையிறுதி வரை போனேன். அதற்கு சார் மனைவியோடு வந்திருந்தார். விசிலடித்து நடுவரிடம் திட்டும் வாங்கினார். நான் அந்த ஆட்டத்தில் தோற்றேன். ஆனால் நான் வெளியே வந்ததும் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தன வருசமா ஒன் தப்ப மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் தாயி ஒன் ஆட்டத்தப் பாத்தேன்” என்றார். ஒரு கோச்சை வாங்கிக்கொண்டு, ஒரு ரசிகரைத் தந்தார் அழகர். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்? இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதை நான் தள்ளிப்போடுவதில்லை. அவரைக் கும்பிட்டுவிட்டு நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவரிடம் சொல்ல முடியாத சொல் உங்கள் நெஞ்சிலும் கனத்தால், நம்பி அழகர்மலைக்கு வாருங்கள். அதைச் சொல்ல நீங்கள் யாருக்குப் பயப்படுகிறீர்களோ, அவரும் உங்களுக்குப் பயந்து அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம்.