கண்டியில் அடித்த கல்வெட்டுகள்

சாவு வீட்டில் அழுவதற்கு ஆட்கள் கிடைப்பார்கள். அந்த அழுகையை எதுகை மோனையோடு எழுதித்தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கண்டி நகரத்து அச்சகம் ஒன்றில் அந்த ஆள் நான். அச்சுக் கோப்பதும் நான், புலம்பல் எழுதுவதும் நான். கலவரமும் போருமாக யாழ்ப்பாணத்துக்குப் போய்வருவது லேசில்லாத காலம். அங்கே அடிக்கவேண்டிய கல்வெட்டெல்லாம் என் தலையில் விழுந்தது. கல்யாணக் கார்டில் ஒரு சித்தப்பாவின் பெயரை விட்டுவிட்டு ஆயுள் முழுக்க வசை வாங்கும் நண்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

கல் எங்கே?

எங்கள் மெஷின்காரர் பண்டா, தமிழ் நன்றாகப் பேசும் சிங்களவர். ஒருநாள், "எல்லாரும் கல்வெட்டு கல்வெட்டு எண்டு கேட்டு வாறாங்க. கல்லு எங்க மாஸ்டர்?" என்றார்.

விளக்கினேன். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களின் பெயரையும் புகழையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, குடும்பத்தாரின் புலம்பல் எல்லாவற்றையும் புத்தகமாக அடித்து முப்பத்தோராம் நாள் கொடுப்பார்கள். கல்லில் வெட்டியதுபோல நிலைக்கவேண்டும் என்ற ஆசையில் அந்தப் பெயரே காகிதத்துக்கும் வந்துவிட்டது.

பண்டா அப்போதுதான் நான்கு பக்கத்து ஈய எழுத்தை இறுக்கிக் கட்டிய சட்டத்தை மெஷினில் ஏற்றி முடித்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க எழுதுறது மட்டும்தானே மாஸ்டர். தூக்குற என்னைக் கேளுங்க, இது கல்லுதான்."

அளந்து அழுதல்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் காலமானார். மனைவி, மக்கள், மருமக்கள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் நான் அழுது தள்ளினேன். இளைய மருமகனுக்கு எட்டு வரி சரளமாக வந்தது. மூத்தவருக்கு ஆறு வரியோடு எதுகை தீர்ந்துபோனது.

மூத்தவர் புரூஃபும் கையுமாக வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. வரிகளை விரலால் எண்ணிக் காட்டிவிட்டுக் கேட்டார்: "மூத்த மருமோன் நான் ஆறு வரியில அழ, அவர் எட்டு வரியில அழுறதோ?"

திதி இல்லாத புத்தகம்

எண்பத்துமூன்றின் பெரிய கலவரத்துக்கு மறுவருடம், நகரத்துக் கடையொன்றில் வேலை செய்யும் முருகையா வந்தார். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாய் முத்தம்மாவுக்குக் கல்வெட்டு வேண்டும் என்றார். பேனாவை எடுத்து, "என்ன திதி?" என்று கேட்டேன். "அம்மா உசிரோடதான் இருக்காங்க" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துச் சனங்களைப் பங்கிட்டதில், தாய்க்கும் தம்பிக்கும் இந்தியப் பாஸ்போர்ட். இவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அடுத்த கிழமை அவர்கள் இருவரும் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறுகிறார்கள். அங்கே தாய் கண்ணை மூடினால் கொள்ளி வைக்க இவரால் போக முடியாது. "உயிரோட இருக்கிறவைக்கு நான் புலம்பல் எழுதமாட்டன் தம்பி" என்றேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "செத்தப்புறம் எழுதினா எனக்குத்தான் சார் கேக்கும். அவங்களுக்குக் கேக்காதே."

கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தேன். எழுதினேன்.

முத்தம்மாவின் திருத்தம்

புரூஃப் பார்க்க முருகையா தாயையே அழைத்து வந்துவிட்டார். கல்வெட்டு என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லியிருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. முத்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் நானே படித்தேன். பழைய கல்வெட்டிலிருந்து எடுத்த "பொறுமையின் சிகரம்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு, நானா? கொழுந்து நிறுவைய வெட்டின கங்காணிய ஏழாம் நம்பர் மலையில கூடையாலயே போட்டேனே, அத எழுதுங்க!" என்று சிரித்தார். பண்டா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிகரத்தை எடுத்துவிட்டுக் கூடையைச் சேர்த்தேன். மகன் பெயரில் எழுதிய புலம்பலை நான் வாசித்தபோது மட்டும் முத்தம்மா சிரிக்கவில்லை. முருகையாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அது ஏன் என்று கேட்டார். திதி வெண்பாவுக்கு விட்ட இடம். முருகையா தலையைக் குனிந்துகொண்டார். "அது... பிறகு எழுதுறதுக்கு" என்று நான் தடுமாறினேன். அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரூஃப் தாள்களை வாங்கி மடித்து, மகனின் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "அதுக்கு என்ன அவசரம்? ஒனக்குப் பொறக்கப்போற புள்ளைங்க பேர எழுதி அனுப்பு, ஒன் தம்பிய அதுல எழுதி வைக்கச் சொல்றேன்."

என் தொழிலில், கல்வெட்டுக்கு உரியவரே நேரில் வந்து திருத்தம் சொன்னது அந்த ஒருமுறைதான். மற்றவர்கள் எல்லாரும் நான் எழுதியதைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.