ராஜண்ணா கடை நம்பர்

இன்று பிரித்த மளிகைப் பொட்டலத்தின் பெருங்காய வாசனை என்னைச் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ஒக்கலிபுரத்துக்கு, இப்போது இல்லாத ராஜண்ணா மளிகைக்கடைக்குக் கொண்டுபோனது. ஒரே இலக்கம் இரண்டிரண்டாக வரும் அதன் போன் நம்பர் சட்டென்று மனதில் நிற்கும் என்பதால், போன் இல்லாத எங்கள் தெருவே சொந்த ஊரிலுள்ள உறவினர்களுக்கு அதைத்தான் கொடுத்திருந்தது. நல்ல செய்தி வந்தால் ராஜண்ணா கடையிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாவுச் செய்தி என்றால் தானே இறங்கி நடந்து வருவார், எந்த வாசலில் நிற்பார் என்று தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாமாவுக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்த அன்று அவர் எங்கள் வாசலில் நின்றார். அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள்.

"எங்க வீட்டுக்காண்ணா?"

"இல்லக்கா, பக்கத்து வீட்டுக்கு. ஒண்டியா சொல்ல முடியல, நீங்களும் வாங்க."

முகத்தில் தெரிந்துவிட்ட நிம்மதி மறையும்வரை முந்தானையால் துடைத்துவிட்டு, அம்மா அவர் பின்னால் நடந்தாள்.