இரண்டு கிலோ கூடிய சனிக்கிழமை

1993 ஜூலை 10, சனிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. காலை ஆறரைக்கு எழுந்தேன். ஆறே முக்காலுக்கு மாத்திரை விழுங்கினேன். ஏழே முக்காலிலிருந்து எட்டேகால் வரை இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “வைத்தது இரண்டு, உள்ளே போனது அரை” என்று அம்மாவின் நோட்டில் இருக்கிறது. டாக்டர் சொல்லி அம்மா அன்றாடம் எழுதிவந்த நோட்டு அது. இன்று என்னிடம் இருப்பதால்தான் நேரங்களை இப்படி ஒப்பிக்க முடிகிறது.

வகுப்பில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. முந்தைய வருடம் முழுக்கச் சாப்பிட்ட மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஜூனில் பள்ளி திறந்து பத்து நாளுக்குள் நான் பாடம் நடக்கும்போதே மூன்று பெஞ்சுகளைத் தாண்டினேன். மூன்றாவதில் ஒருவன் பல் ஆடியது. இன்னொரு முறை நடந்தால் டிசி என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். டாக்டர் மருந்தை மாற்றினார்.

புது மருந்தில் நான் வைத்த இடத்தில் இருந்தேன். “இப்போ நல்ல குட்டி” என்று டீச்சர் என் கன்னத்தைத் தட்டினார். மலையாளத்தில் பிள்ளைக்குக் குட்டி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். பசி எடுக்கவில்லை, சிரிப்பு வரவில்லை என்பதெல்லாம் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. மதியச் சோற்றைப் பக்கத்துப் பையன் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டான்.

வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. வருகிற மூட்டையில் ஈரமோ கல்லோ கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பவர். மூட்டை நிறுக்கும் தராசிலேயே சனிக்கிழமைதோறும் என்னையும் ஏற்றி நிறுப்பார். வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் நான் குறைந்துகொண்டிருந்தேன். “இந்த வாரமும் குறைஞ்சா இந்த மருந்து வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிரப்போறேன்” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மருந்து போனால் நல்ல குட்டி போய்விடுவான், பெஞ்சு தாண்டுகிறவன் திரும்பி வருவான், டிசியும் வரும். எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

அன்று பத்து மணிக்கு அம்மா என்னைக் கிடங்குக்கு அழைத்துப் போனாள். வெளியே நல்ல மழை. அப்பா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மாதிரி மிளகு நிறுக்கும் மேசையிலிருந்து அரைக் கிலோ இரும்பு எடைக்கற்கள் நான்கை எடுத்து, கால்சட்டையின் இரண்டு பைகளிலும் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டேன். கால்சட்டை நழுவாமல் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தராசில் ஏறினேன்.

போன சனிக்கிழமை இருபத்தைந்து. இன்று இருபத்தாறரை.

மூட்டை இறக்கும் சேட்டன் எட்டிப் பார்த்தார். “எடா மோனே, ஒரே ஆழ்ச்சைல நீ ஆனையாயல்லோ!” ஒரே வாரத்தில் யானை ஆகிவிட்டேனாம்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பாவின் முகம் மலரவில்லை. அவர் முள்ளைப் பார்த்தார். என் இரண்டு கைகளைப் பார்த்தார். கால்சட்டையின் கீழ்விளிம்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து குமாஸ்தா கத்தினார்: “மேசை மேல இருந்த அரைக்கிலோக் கல்லு நாலையும் யாருப்பா எடுத்தது?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கை தளர்ந்தது. நான்கு கற்களோடு கால்சட்டை தராசின் மேல் விழுந்தது.

சேட்டன் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். “மிளகுல கல்லு கலக்கிறவனை இருபது வருஷமா பிடிச்சிட்டிருக்கேன்டா,” என்றார் அப்பா. “நம்ம வீட்டிலேயே ஒருத்தன் இருக்கான்னு தெரியாமப் போச்சே!” கிடங்கே சிரித்தது. சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு நின்ற எனக்கும் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

கற்களை எடுத்துவிட்டு மறுபடியும் நிறுத்தார்கள். இருபத்துநாலரை. சிரிப்பு நின்றது.

“எதுக்குடா இப்படிப் பண்ணினே?” என்றாள் அம்மா.

“எடை குறைஞ்சா மருந்தை மாத்திருவே. மாத்தினா டிசி குடுத்துருவாங்க.”

அம்மா கால்சட்டையை மேலே இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டாள். அதற்குத் தேவையானதைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

பகல் ஒன்றரைப் படகில் எறணாகுளம் போய் அங்கிருந்து பஸ்ஸில் தேவராவிலுள்ள டாக்டரிடம் போனோம். டாக்டர் முழுக் கதையையும் கேட்டுச் சிரித்தார். நோட்டைப் படித்தபோது சிரிக்கவில்லை. மருந்தைப் பாதியாகக் குறைத்தார், காலை ஆகாரத்துக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றார். கூடவே தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம்: பையனுக்கு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள், கரும்பலகை துடைப்பதானாலும் சரி. “கொஞ்சம் ஓடட்டும். ஓடாத பிள்ளை எதுக்கு?” என்று அம்மாவிடம் சொன்னார். நான் தோற்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டே திரும்பும் படகில் வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அம்மா மாத்திரை டப்பாவைத் தொடவில்லை. முதல் வேலையாகத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். ஒன்று தின்றேன். இரண்டாவதைத் தின்றேன். “இன்னொண்ணு,” என்றேன்.

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டியபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தோசை கருகிப் புகை பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.