காப்பகத்தில் ஓர் இடம்

மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போவார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கூலி வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காகத் திருவாடானைக்குப் போய்விட்டார். வேறு ஆள் கேட்ட கூலியைக் கொடுத்தால் நான் வேலைக்குப் போவதிலேயே அர்த்தமில்லை.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக, அங்கன்வாடியோடு சேர்த்து நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுக் காப்பகம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மேற்பார்வையாளர் அம்மா நல்லபடியாகத்தான் பேசினார்.

"இடம் இருக்கும்மா. வேலைக்குப் போறீங்கன்னு கம்பெனியில ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வாங்க."

"என் கைய மோந்து பாருங்க மேடம். இதுக்கு மேல என்ன கடிதம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் புரியுது. மேலிடத்துக்கு வாசனைய அனுப்ப முடியாதேம்மா."

எங்களை வேலைக்கு எடுத்திருந்த காண்டிராக்டரிடம் கேட்டேன். "இன்னைக்குக் கடிதம் கேப்பீக, நாளைக்குப் பி.எஃப். கேப்பீக. போய் வேலையப் பாருத்தா" என்றார்.

அதற்குப் பிறகு பிள்ளை ஒருநாள் ஒரு வீட்டில், மறுநாள் இன்னொரு வீட்டில். கை ஐஸில் கிடக்கும். மனம் எங்கள் தெருவில் அலையும். வாசல் கதவைச் சாத்தினார்களா, தண்ணீர்த் தொட்டியை மூடினார்களா? இறாலின் முள் விரலில் ஏறுவதுகூட உறைக்காது.

"நீ வேலைய விட்டுரேன்" என்றார் கணவர்.

"நீங்க கடல விடுவீகளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

என்னைப் போலவே இன்னும் இரண்டு பெண்கள் கம்பெனியில் தவித்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் நிறைய இறாலோடு கரை திரும்பிய ஒரு காலையில், மூன்று பேரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றோம்.

"பிள்ளைகளோட உள்ள வாறோம். இல்லாட்டி கடிதத்தக் குடுங்க."

"ஏத்தா, ஐஸ் உருகுது!" என்று காண்டிராக்டர் கத்தினார்.

"எங்களுக்கு மட்டும் இங்கன நிக்க ஆசையாண்ணே?"

என் வாய்தான் அப்படிப் பேசியது. வேறு பெண்களைக் கூட்டி வந்துவிட்டால் என்ன செய்வது? என் மகள் வீறிட்டு அழுதாள். உள்ளே தலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, "குடுத்து விடுங்கய்யா. பச்சப் பிள்ளைக வெயில்ல நிக்குது" என்றார். யாரும் மறுபடி இறாலைத் தொடவில்லை.

காண்டிராக்டர் முணுமுணுத்துக்கொண்டே போய், ஆளுக்கொரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் மூவருக்கும் உட்கார்ந்து தலை கிள்ளச் சாக்கடை ஓரத்து இடம்தான்.

காப்பகத்தில் முதல்நாள், மகள் என் சேலையை விடவேயில்லை. ஆயா பிரித்துத் தூக்கிக்கொண்டார். வெளியே வந்தவள் திரும்பிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். "போங்கம்மா, உங்களப் பாத்தாத்தான் அழுவா" என்று அவர் கையசைத்தார். வேலையில் பக்கத்தில் இருந்தவளிடம் மணி கேட்டுக் கேட்டே அவளை எரிச்சலாக்கிவிட்டேன்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மகள் வாயெல்லாம் சத்துமாவோடு ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளர் உருண்ட பக்கமே தத்தித் தத்திப் போனாள்.

"கொஞ்ச நேரம் விளையாடட்டுமே" என்றார் ஆயா.

சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.