இடது மட்கார்டு

போடியில் ஒரு டிராக்டர் மெக்கானிக் இருக்கிறார். வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். அது வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாறினால், தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

அப்பா போன பிறகு ராசிங்காபுரம் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த டிராக்டரை லாரியில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனேன். "இஞ்சினையே மாத்திருங்கண்ணே. நான் சின்னப் பயலா இருந்தப்பவே ஆமை மாதிரிதான் போகும்" என்றேன்.

நாலாம் நாள் போனபோது வண்டி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஏலக்காய் கன்னம் மாறியது.

"இஞ்சினு கல்லு மாதிரி இருக்கு அப்பு. கிளச்சு பிளேட்டுதான் தேஞ்சுபோச்சு. ஓட்டுனவரு கிளச்சுல இருந்து காலை எடுத்ததே இல்ல. ரொம்பப் பயந்து ஓட்டியிருக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கப்பாவா? போடிமெட்டு மலை வளைவுல ஒத்தக் கையால ஜீப்பு ஓட்டுனவருண்ணே!"

"அதுல தனியாப் போயிருப்பாரு."

சொல்லிக்கொண்டே, பின்சக்கரத்தை மூடியிருந்த இடது மட்கார்டைத் துடைத்தார். நடுவில் பெயிண்ட் போய், தகரம் பள்ளமாகி மினுங்கியது. "இதுல யாரோ தினமும் உக்காந்து வந்திருக்காக. விழுந்தா உடனே நிப்பாட்டணுமில்ல?"

அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர் அவர்.

அங்கே உட்கார்ந்துகொண்டு, "வெரசாப் போப்பா, சைக்கிளெல்லாம் முந்துது" என்று தினமும் நச்சரித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நான் அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன்.