பின்பக்கம் பார்க்காமல் எடுத்த ஷாட்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில், ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டில் நடந்தது இது.

எனக்கு ஆரணிதான் ஊர். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். "பொம்பளப் புள்ள கேமரா தூக்குதா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அதனாலேயே எதிலும் பிசகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு புடவைக் கடைக்காரர் மூன்று நிமிட விளம்பரப் படம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். கல்யாண மண்டபத்தை விட்டு வெளியே எனக்குக் கிடைத்த முதல் வேலை. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். நெசவாளரின் காலடியில் தொடங்கி, சினிமாவில் வருகிற மாதிரி கேமரா அப்படியே மேலே எழும்ப வேண்டும்.

அதற்கு ஜிப் ஆர்ம் வேண்டும். பெயர்தான் பெரிது. பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் சீசா பலகை மாதிரிதான் அது. நடுவில் ஸ்டாண்டு, ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் எடை. நான் அதைத் தொட்டதே கிடையாது. ஆனால் கடைக்காரரிடம், "அதெல்லாம் பண்ணிடலாங்க" என்று சொல்லிவிட்டேன்.

முதல் வேலையாக அந்த நெசவாளர் வீட்டுக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். தறிக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடம், வாசல்படி அகலம், கூரை உயரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். வாடகைக்கு விடுபவரிடம் இரண்டு ஜிப் இருந்தன. பெரியதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். சின்னது மடித்தால் பைக்குள் அடங்கியது. "கேமரா பக்கம் எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன். நாலடி என்றார். நோட்டைப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியொரு நிம்மதி. பின்பக்கம் எவ்வளவு நீளும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எடைக்கு, தம்பி ஆசையாக வாங்கி மூலையில் போட்டுவிட்ட ஜிம் தட்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் கணவன், மனைவி இருவருமே நெய்பவர்கள். புடவையின் உடலை அந்த அண்ணன் நெய்வார். முந்தானை வந்துவிட்டால் அந்த அக்காதான் தறியில் உட்காருவார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண் கட்டவேண்டிய அரக்கு நிறப் புடவை அப்போது தறியில் இருந்தது. இன்னும் நான்கைந்து நாளில் நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். "பாவு மேல எதுவும் பட்டுடக் கூடாதும்மா" என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள்தான் பாவு. தலையாட்டினேன்.

அண்ணன் நெய்ய, முதல் இரண்டு டேக் எடுத்தேன். அவர் முகம் சரியாக விழவில்லை. ஸ்டாண்டை இரண்டடி நகர்த்தி வைத்தேன்; ஜிப்பின் பின்முனை இப்போது பாவுக்கு மேலே வந்துவிட்டது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, கேமரா மேல போனா இந்த வாலு கீழ எறங்குதே, அத யாரு பாத்துகினு இருப்பாங்க?"

நான் சிரித்தேன். ஒன்றும் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அது பேலன்ஸ்ல நிக்கும்க்கா" என்றேன்.

"சரி, நீ படத்தப் பாரு. பின்னாடி நான் நின்னுகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போனார். படத்தில் விழாமல் ஒதுங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது டேக். கண் முழுக்கத் திரையில். மிதிக்கும் கால்கள், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா, அரக்கும் சரிகையும், அண்ணனின் முகம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேகமாகத் தூக்கினேன். சட்டென்று கேமரா நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. பின்னால் "அம்மா" என்று அடங்கிய ஒரு குரல்.

திரும்பினேன். ஜிம் தட்டுகள் பாவுக்கு நாலு விரற்கடை மேலே நின்றன. தட்டுக்கும் தறிக் கட்டைக்கும் நடுவே அக்காவின் வலது கை. கையை இழுத்தால் எடை நேராகப் பட்டு இழை மேல் இறங்கும். அதனால் அவர் இழுக்கவில்லை. எனக்கு எதைத் தூக்குவது, எதை விடுவது என்றே தெரியவில்லை. அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

"கேமராவ கீழ எறக்கு. மெதுவா. ஜல்தி பண்ணாத."

இறக்கினேன். தட்டு மேலே போனது. கை வெளியே வந்தது. மூன்று விரல்கள் கன்றிப் போயிருந்தன.

ஈரத் துண்டைச் சுற்றி, என் ஸ்கூட்டியிலேயே ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். எலும்பு முறிந்திருந்தால்? அந்தக் கை இனி நாடாவைப் பிடிக்காவிட்டால்? பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "இழை ஏதாவது அறுந்துச்சா, பாத்தியா?" நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே நினைவில்லை. "என்னால ஆயிடுச்சுக்கா" என்று அழுதேன். "அழுதா மட்டும் வீக்கம் வத்திடுமா? சும்மா இரு, பேஜாரா இருக்குது" என்றார். படத்தைப் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றும் இல்லை, மூன்று நாள் கையை அசைக்கக் கூடாது என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. வீட்டுக்குத் திரும்பினால், பாவில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

அந்த மூன்று நாளும் காலையில் போய், அக்கா செய்ய வேண்டிய வேலையாக ராட்டையில், நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் சுற்றிக் கொடுத்தேன். நான் சுற்றியதில் பாதியை அண்ணன் எனக்குத் தெரியாமல் பிரித்து மறுபடி சுற்றினார் என்று பிறகு தெரிந்தது. நான்காம் நாள் வீங்கின விரலோடு அக்கா முந்தானைக்கு உட்கார்ந்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புடவை போய்ச் சேர்ந்தது.

அந்த ஷாட்டை நான் படத்தில் சேர்க்கவில்லை; இரண்டாவது டேக்கையே வைத்தேன். கடைக்காரரிடம், அதைவிட நன்றாக எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய். நான் எடுத்ததிலேயே அழகான ஷாட் அதுதான். காலிலிருந்து முகம் வரைக்கும் கேமரா வழுக்கிக்கொண்டு எழும்பி, கடைசியில் அசையாமல் நிற்கிறது. என்னிடம் இருக்கும் அதைப் பார்த்த நண்பர்கள், எவ்வளவு அழகாக நிறுத்தியிருக்கிறாய் என்கிறார்கள். அதை நிறுத்தியது, நான் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் எனக்குப் பின்னால் போய் நின்ற அந்த அக்காவின் கை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன்; சொல்லாவிட்டால், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பை இரண்டாவது முறையும் சிரித்தவளாகிவிடுவேன்.