ஆடியில் ஓய்வெடுத்த குதிரை

1. ஆனி மாதம் முழுக்க, ஊர்வலத்துக்குக் கார் வேண்டாம் என்ற மாப்பிள்ளைகளை ஒரு வெள்ளைக் குதிரை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சுமந்தது.
2. அதைக் கட்டிவைக்கும் கொட்டிவாக்கத்துச் சவுக்குத் தோப்பில், குட்டிக்காக ஒரு பெண்குதிரையை அதன் அருகே நிறுத்தினார்கள். வெள்ளைக் குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இன்னா நைனா, பொண்ணு புடிக்கலியா?" என்றாராம் குதிரைக்காரர்.
3. மயிலாப்பூர் கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். ஆண் ஹார்மோன் மிகக் குறைவு.
4. காயடித்துவிடலாம் என்று உரிமையாளர் முடிவுசெய்தார்.

அளந்தது நான். அடையாற்றில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஹார்மோன் அளக்கும் வசதி அப்போதுதான் வந்திருந்தது.

உரிமையாளர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். குட்டிக்கு உதவாத குதிரை ஊர்வலத்திலாவது சாதுவாக நடக்கட்டும் என்பது அவர் எண்ணம். ரிப்போர்ட் வாங்க வந்தவர், என் முன்னால் 'அந்த ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

அந்தக் குதிரை மயிலாப்பூரில் எங்கள் தெரு வழியாகப் போவதுண்டு. பேண்டு வாத்தியம் முழங்கியதும் காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்ளும். கழுத்து வியர்த்துப் பளபளக்கும். ஆனாலும் மாப்பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"ரத்தம் எப்ப எடுத்தாங்க, அண்ணாச்சி?"

"ஊர்வலம் முடிஞ்ச மறுநாள் காலைல. குதிரைதான் மயிலாப்பூருக்கு வந்திருக்குல்லா, அதுக்குன்னு தனியா ஒரு நடையா?"

மீதமிருந்த ரத்தநீரில் கார்டிசாலையும் அளந்தேன். அது உடம்பு மிரளும்போது சுரக்கும் ஹார்மோன். ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அது ஓயாமல் சுரந்தால், விந்தகத்தை வேலைசெய்யச் சொல்லும் உத்தரவை மூளை குறைத்துவிடும். இதை அவருக்கு விளக்கினேன்.

"கல்யாணத்துல அதுக்கென்ன கவலை? தாலி கட்டுறது வேற ஆளுல்லா!"

"அது குதிரைக்குத் தெரியாதே. ஆடியில கல்யாணம் கிடையாது. மாசம் பூரா தோப்பிலேயே விடுங்க, கடைசியில அங்கேயே ரத்தம் எடுக்கலாம். அதுவரைக்கும் ஆபரேஷன் வேண்டாம்."

"ஆடித் தள்ளுபடியில எனக்கு மூச்சு விட நேரமில்லை, அதுக்கு லீவா? சரிம்மா, உங்களுக்காக விடுதேன்."

ஆடிக் கடைசியில் கார்டிசால் இறங்கியிருந்தது. ஆண் ஹார்மோன் ஏறியிருந்தது. ஒரே ஒரு குதிரையை வைத்து, ஓய்வுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆபரேஷனை உரிமையாளர் கைவிட்டுவிட்டார். ஆவணிக் கல்யாணங்களுக்கு வேறு குதிரை போகிறது. வெள்ளைக் குதிரை கொட்டிவாக்கத்தில், அந்தப் பெண்குதிரையோடு மேய்கிறது. அது சினையா என்று இன்னும் தெரியவில்லை.